தங்கத்தூள் இறங்கிய ஞாயிறு

ஆகஸ்ட் 6, புதன்

ஆடித் தள்ளுபடி ஆரம்பித்ததிலிருந்து கடையில் உட்கார நேரமில்லை. கால் இரண்டும் வீங்கிப்போய் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்கிறது.

என் வேலை சேலையைப் பிரித்துப் போடுவது மட்டுமில்லை, தோளில் போட்டுக் காட்டுவதும். பெரிய காஞ்சிபுரத்தில் இத்தனை பட்டுக்கடை இருக்கிறதே, எதிலாவது என்னை மாதிரி ஒரு சேல்ஸ்காரி இருப்பாளா? கழுத்து மொட்டை, காது மொட்டை, நெற்றி மொட்டை. அதன்மேல் முழு ஜரிகைச் சேலையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். இன்றைக்கும் ஓர் அம்மாள், பாவம், குரலைத் தாழ்த்தி வீட்டுக்காரர் எப்போது தவறினார் என்று கேட்டாள். நல்லபடியாக இருக்கிறார், பாஸ்டராக இருக்கிறார், எங்கள் சபையில் நகை போட மாட்டோம், பொட்டு வைக்க மாட்டோம் என்றேன். சொன்ன பிறகு இன்னும் பாவமாகப் பார்த்தாள்.

மத்தியானம் திரிசலா என்று ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். அடுத்த மாதம் கல்யாணம். ஊரில் எல்லாரும் சேலைக்கு ஏற்ற மேக்கப் தேடுவார்கள். இவள் மேக்கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற சேலை தேடுகிறாள். கண்ணிமையில் பூசுகிற ஐ ஷேடோவாம். வெளிநாட்டுச் சாமான். விலையைச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் கை நடுங்கும். என் புறங்கையில் கொஞ்சம் தடவி, வெளிச்சத்துக்கு வாங்கக்கா என்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அடேயப்பா! அரக்காக இருந்தது, கையைத் திருப்பினால் தங்கம். நெடுக்கே அரக்குப் பாவு நூல், குறுக்கே தங்கநிற ஊடை நூல் ஓட்டினால் சேலை இப்படித்தான் பக்கத்துக்கு ஒரு நிறம் காட்டும். எந்த அடுக்கில் எந்தச் சேலை என்று உடனே தெரிந்துவிட்டது. எடுத்து வந்து விரித்தேன். அம்மாவும் பெண்ணும் மறுபேச்சுப் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சாப்பிட்டாக வேண்டும், இருட்டினால் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அதனால் பில் போடுவதற்குள் அம்மாள் நாலு தடவை வாசலை எட்டிப் பார்த்துவிட்டாள்.

போகும்போது திரிசலா பையிலிருந்து இன்னொரு குட்டிக் கண்ணாடிச் சிமிழை எடுத்து என் கையில் வைத்தாள். இது சுத்தத் தங்கநிறம், தூளாக இருக்கிறது. அவளுக்கு வெளுப்பாக அடிக்கிறதாம். "உங்க கலருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுக்கா." நாங்கள் இதெல்லாம் போட மாட்டோம் என்றேன். போடாவிட்டால் போகிறது, திறந்து பார்த்துக்கொண்டாவது இருங்கள் என்று சிரித்துவிட்டுப் போனாள்.

வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்?

ஆகஸ்ட் 7, வியாழன்

தையல் மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். ஒரு தடவை திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

உபவாச ஜெபம். அவர் இன்றைக்கு உலக வேஷத்தைப் பற்றிப் பேசினார். எனக்குச் சொன்னதில்லை, பொதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குள் குறுகுறு என்று இருந்தது. இந்த மனுஷனுக்குப் பொய் வராது. கல்யாணமான புதிதில் ரயிலில் டிக்கெட் எடுக்க முடியாமல் ஏறிவிட்டு, இறங்கினதும் ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடிப் போய் அபராதம் கட்டினவர். எனக்கு அன்றைக்கு மானம் போயிற்று.

ஜெபம் முடிந்ததும் செல்லியம்மாள் அக்கா வந்தார். வாலாஜாபாத் ரோட்டில் இட்லிக் கடை போட்டிருப்பவர். சர்க்கரை. காலையில் ஊசி, சாயங்காலம் மாத்திரை. கால் கட்டை விரலில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது. அடுப்படியில் நின்று நின்று அது எப்படி ஆறும்? ஞாயிற்றுக்கிழமை என் தலையில் கையை வைத்து ஜெபம் பண்ணு பாஸ்டரம்மா என்றார். பண்ணுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

பூசிப் பார்த்துவிட்டேன்.

அவர் சாயங்காலம் கூரத்தில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போனார். கதவைச் சாத்தினேன். நாளைக்குக் கட்டவேண்டிய வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து சுவர்க் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மோதிர விரலால் தொட்டுத் தடவ வேண்டும் என்று திரிசலா சொல்லியிருந்தாள். முதலில் இடது கண்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், பூசினதைப் பார்க்கவேண்டும் என்றால் கண்ணை மூட வேண்டும், மூடினால் பார்க்க முடியாது! ஒரு கண்ணை மூடி இன்னொன்றால் பார்த்தேன். கழுத்தை ஒடித்துப் பார்த்தேன். கடைசியில் போனில் படம் எடுத்தேன்.

படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். இமை முழுக்கத் தங்கம். மேலே ஒட்டி வைத்த மாதிரி இல்லை, என் தோலுக்குள்ளிருந்தே வருகிற மாதிரி இருந்தது. என் கறுப்புக்கு அது அப்படி எடுத்தது. நான் அழகாக இருந்தேன். எழுதிவிட்டேன், இனி அடிக்க மாட்டேன். அழகாக இருந்தேன். முப்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு இது இப்போதுதான் தெரிய வேண்டுமா? அழுகை வந்தது. ஏன் அழ வேண்டும், கண் கலைந்துவிடும் என்று அடக்கினேன். பார், அதற்குள் எனக்கு எவ்வளவு புத்தி!

வலது கண்ணுக்குத் தொடும்போது வாசலில் அவர் வண்டிச் சத்தம். பதறி எழுந்தேன். சிமிழ் கவிழ்ந்துவிட்டது — நேராக வெள்ளைச் சேலைமேல். தேங்காய் எண்ணெயும் சோப்பும் போட்டுக் கண்ணைத் தேய்த்தேன். சேலையைப் பின்பக்கம் கொண்டுபோய் உதறு உதறென்று உதறினேன். டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. படத்தையும் அழித்துவிட்டேன்.

சாப்பாடு போட்டேன். ரசம் ஊற்றும்போது வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்னா எழுதறதுன்னே தெரியல. ஆண்டவரே. ஆண்டவரே.

முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் சபை ஷீட் கூரை. வெளிச்சத்துக்காக நடுவில் ஒரு ஷீட் மட்டும் ஃபைபர். பத்து மணிக்கு மேல் அதன் வழியாக வெயில் கம்பு மாதிரி இறங்கும். ஆராதனை உச்சத்தில் இருந்தது. செல்லியம்மாள் அக்கா முன்னால் வந்து முழங்கால் போட்டார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலுக்குள் போய் நின்று அவர் தலையில் கை வைத்தேன். கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே இருக்கிறேன், திடீரென்று கூட்டம் அமைதியாகிவிட்டது. கண்ணைத் திறந்தேன்.

அக்கா என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸ்டரம்மா, உம்மேல தங்கம் கொட்டுது."

டியூப்லைட்டில் தெரியாத சனியன் வெயிலில் தெரிகிறது! முக்காடு, தோள், முந்தானை எல்லாம் மினுமினு என்று. கையைத் தூக்கினால் உதிர்கிறது. அக்கா தலையில் எண்ணெய் தடவியிருந்தார். அந்த எண்ணெயில், நெற்றி வேர்வையில், எங்கெங்கே என் கை பட்டதோ அங்கெல்லாம் தங்கம்.

வெளிநாட்டில் ஏதோ ஒரு கூட்டத்தில் தங்கத்தூள் இறங்கியது என்று ஒரு வீடியோ போன மாதம்தான் சபை குரூப்பில் சுற்றியது. எல்லாரும் அதைப் பார்த்திருந்தார்கள். ஹால் முழுக்கக் கதறல். யாரோ ஒருவர் மட்டும், பாஸ்டரம்மா பட்டுக்கடையில் வேலை பார்க்கிறாங்க, ஜரிகையாக இருக்கும் என்றார். அப்பாடா, ஜரிகை என்றே இருக்கட்டும் என்று எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் தனசேகரன் பிரதர் எழுந்து வந்தார். தறிக்காரர். ஊரில் கல்யாணச் சேலை எடுக்கிறவர்கள் ஜரிகை அசலா போலியா என்று இவரிடம்தான் காட்டுவார்கள். என் முந்தானையில் விரலால் ஒற்றி எடுத்தார். தேய்த்தார். வெயிலில் பிடித்தார்.

"நாப்பது வருசமா ஜரிகை என் கையிலதான் ஓடுது. ஜரிகை இழையா பிரியும், தூளா உதிராது. இது ஜரிகை இல்ல." குரல் உடைந்துவிட்டது அவருக்கு. "இது மனுசன் செஞ்சது இல்ல."

காஞ்சிபுரத்துக்காரனுக்கு மின்னுகிறது என்றால் ஒன்று ஜரிகை, இல்லாவிட்டால் பரலோகம். நடுவில் ஒன்று இருக்கிறது என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஐயோ" என்றுதான் வந்தது. அதையும் ஸ்தோத்திரம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதார்கள். எங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். மைக்கைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது. மாமியார் செத்தபோதுகூட அழாதவர். ஓர் அடையாளம் காட்டு, ஒரே ஒரு அடையாளம் காட்டு என்று வருஷக்கணக்காக முழங்காலில் நிற்கிற மனுஷன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன், இது ஒரு கல்யாணப் பெண் கொடுத்த கண்மை என்று?

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால் வாசலில் ஆட்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

வேறு சபைகளிலிருந்தெல்லாம் வருகிறார்கள். என் கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் கையைக் கழுவுகிறேன். ஒவ்வொரு தடவையும் கழுவுகிறேன். பாஸ்டரம்மா எவ்வளவு சுத்தம் பாருங்கள், கை கழுவாமல் ஜெபத்துக்கு வர மாட்டாங்க என்று ஓர் அம்மாள் இன்னொருத்தியிடம் சொல்கிறாள். தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் பேசுவதே குறைந்துவிட்டது. வந்தவர்களுக்கு ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். மகிமையில் மூழ்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு நாள் என்பதால் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று காபியோடு மாடிக்குப் போனேன். "ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். அவசரமாக, அப்புறம் பேசலாம் நதியா என்று எழுந்து கீழே இறங்கிவிட்டார். காபி ஆறிப்போய் நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஹாலுக்கு வெளியே சாமியானா போட்டும் இடம் போதவில்லை. துவைத்துத் துவைத்து நூலாகிப்போன வேறு சேலை கட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் மின்னவில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. தூள் வரவில்லை என்றால் வந்த தூள் போய்விடுமா என்று தனசேகரன் பிரதர் சாட்சி சொன்னார். செல்லியம்மாள் அக்கா முன்வரிசையில் நின்று கை தட்டிப் பாடினார். முகம் கொஞ்சம் வீங்கினமாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கடைக்குப் போகிற வழியில் அக்காவின் இட்லிக் கடையில் இறங்கினேன். நேற்றுப் பார்த்த முகம் மனதை உறுத்தியது. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்திருந்தார். கட்டை விரல் கறுத்துப் போயிருக்கிறது. கிட்டே போனால் நாற்றம்.

ஊசி போட்டீங்களா அக்கா என்றேன்.

"ஊசியா? அத அன்னிக்கே நிறுத்திட்டேன். மாத்திரையும்தான்." சாதாரணமாகச் சொன்னார், கரண்ட் பில் கட்டிட்டேன் என்கிற மாதிரி. "ஆண்டவரே தங்கத்த என் தலைல கொட்டிட்டாரு. அப்புறம் ஊசி போட்டுக்கினா அவர நம்பலேன்னு ஆயிடாது?"

அக்கா, அது தங்கம் இல்லை என்றேன். சிரித்தார். அது கண்ணில் பூசுகிற மை, நான்தான் பூசினேன் என்றேன். இன்னும் சிரித்தார். எனக்குப் பெருமை வந்துவிடக் கூடாதென்று நான் மறைக்கிறேனாம். "உனக்கு எம்மாம் தாழ்மைமா" என்று என் கன்னத்தைத் தடவினார்.

கடைக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்தேன். அவர் மாடியில் இருந்தார். இந்தத் தடவை படியிலேயே வழிமறித்து உட்கார்ந்துகொண்டு சொன்னேன். திரிசலா, சிமிழ், சேலைமேல் கொட்டினது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அவர் அடிப்பாரா, அழுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றார்.

என்ன தெரியும்?

"சனிக்கிழமையே தெரியும். சோறு போட வந்தப்போ உன் எடது கண்ணு மின்னிக்கினு இருந்துது. கேக்கலாம்னுதான் பாத்தேன். நீ பாடிக்கினு இருந்த. நீ பாடி எத்தினி நாளாவுது. அதான் கேக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை? அந்த அழுகை?

"அது சந்தோசம் இல்ல நதியா. பொய்யின்னு தெரியுது, வாயி தொறக்க மாட்டேங்குது. எல்லாரும் என்ன அப்பிடிப் பாக்கறாங்க. அதுக்குத்தான் அழுதேன்."

எந்த முகத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டேனோ அந்த முகம்! இந்த ஒரு வாரமா ஒரே வீட்டுல, ஒரே கட்டில்ல, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பயந்துக்கினு! அடப்பாவி மனுஷா என்று கத்திவிட்டேன். பொய் வராது, பொய் வராது என்று இருபது வருஷமாக நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே. ரயில் டிக்கெட்டுக்கு அபராதம் கட்டினவன்தானே நீ? ஏக வசனத்தில் பேசினேன். கேட்டுக்கொண்டே நின்றார்.

அப்புறம்தான் செல்லியம்மாள் அக்காவின் விரலைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. சட்டையை எடுத்துப் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு, வா வா என்றார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். சிமிழைத் திறந்து காட்டினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, இது கடைச் சாமான், அது வேற என்கிறார். பாஸ்டரே சொல்கிறேன், ஊசியைப் போட்டுக்கங்க என்று இவர் கும்பிடாத குறையாகக் கேட்டார். நீங்க என் விசுவாசத்தைச் சோதிக்கிறீங்க என்றார் அக்கா. கடைசியில் ஒன்று சொன்னார். தனசேகரன் தம்பி சொன்னால் நம்புகிறேன். தறிக்காரனுக்குத் தெரியாத மினுமினுப்பு இல்லை.

தனசேகரன் பிரதர் பெண் பார்க்கும் விஷயமாகச் சேலம் போயிருக்கிறார். போனில் சொன்னால் சிரிக்கிறார். வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன், வந்து ஜெபத்தில் பார்ப்போம் என்கிறார். அக்காவின் மகன் அஜித் ஒரகடத்தில் கம்பெனி வேலை. எங்கம்மா யார் பேச்சைக் கேட்டிருக்கு, நீங்களே கிளப்பிவிட்டீங்க நீங்களே பாருங்க என்று போனை வைத்துவிட்டான். சரியாகத்தானே சொன்னான்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையும் மாலையும் போகிறேன். ஊசியைத் தொட விட மாட்டேன் என்கிறார். இட்லி சாப்பிட்டுப் போ என்கிறார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். பூசினது நான், கொட்டினது நான், சொல்லப்போகிறதும் நான். உங்களுக்குத் தெரியும் என்கிற பேச்சே வேண்டாம். பாஸ்டர் போனால் சபை போய்விடும். பைபிளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்று அவர் மைக்கில் சொன்னதும் எழுந்தேன். ஃபைபர் ஷீட்டுக்கு நேர் கீழே போய் நின்றேன். போன தடவை நின்ற அதே இடம் என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள், ஏதோ இறங்கப் போகிறது என்று.

சிமிழைத் திறந்தேன். பேசி நம்பாதவர்களிடம் பேசி என்ன பிரயோசனம்? மோதிர விரலால் தொட்டு இடது கண்ணை மூடிப் பூசினேன். பிறகு வலது. கண்ணாடி இல்லை, எங்கெங்கே அப்பினதோ. மீதித் தூளை உள்ளங்கையில் கொட்டி என் வெள்ளைச் சேலைமேல் தூவினேன். உதறினேன். வெயிலில் அது அன்றைக்கு மாதிரியே மின்னிக்கொண்டு இறங்கியது.

பாஸ்டர் பெண்டாட்டி சபை நடுவில் கண்ணுக்கு மை பூசிக்கொண்டு நிற்கிறாள். ஒரு பிள்ளை, ஆன்ட்டி அழகா இருக்காங்க என்றது. அதன் வாயை அதன் அம்மா பொத்தினாள்.

தனசேகரன் பிரதர் வந்தார். அன்றைக்கு மாதிரியே விரலில் ஒற்றினார், தேய்த்தார், வெயிலில் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் செல்லியம்மாள் அக்காவின் பக்கம் திரும்பி, "இதான்க்கா. இதேதான்" என்றார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் மைக்கில் சொன்னேன். சனிக்கிழமை ஆசைப்பட்டுப் பூசிப் பார்த்தேன், சேலையில் கொட்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சொல்லத் தைரியம் வரவில்லை, தப்பு என்னுடையது என்று. என்னுடையது என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். தங்கம் பூசின கண்ணால் ஜாடை காட்டினால் எப்படி இருக்கும்? அவர் பார்க்கவே இல்லை.

"எனக்கு மொதல்லியே தெரியும்" என்றார். "அவ பயந்துட்டா. நான் பயப்படல, எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஹால் ரொம்பினது புடிச்சிருந்துச்சு. மறச்சது நான்."

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. புடிச்சிருந்துச்சு என்று என்னிடம்கூட அவர் சொல்லவில்லையே. பின்வரிசையிலிருந்து ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

செல்லியம்மாள் அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கிட்டே போய்க் குனிந்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நான் தங்கத்தயா நம்பினேன்? உன் கையதான நம்பினேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போனார். ஆட்டோ வைத்துத் தருகிறேன் என்றதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

அக்கா கடையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து டீக்கடைக்காரர்கள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். விரலை எடுக்க வேண்டுமாம். எடுக்காவிட்டால் பாதம் போகும் என்கிறார் டாக்டர், நிறுத்தி இத்தனை நாள் ஆகியிருக்கக் கூடாது என்கிறார். வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். அஜித் வந்தான். என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து கொஞ்சம் இடம் விட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விரலை எடுத்துவிட்டார்கள்.

சபைக்கு ஓரிரண்டு குடும்பம் வந்தது. சாமியானாக்காரர் வந்து பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார். இவர் பிரசங்கம் பண்ணவில்லை, அக்காவுக்காக ஜெபம் மட்டும் பண்ணினார். நான் ஆமென் சொன்னேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடையில் சில பேருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தங்க அம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

காலிச் சிமிழ் டிராயரில்தான் கிடக்கிறது. தூக்கிப் போடவில்லை. அவர் நூல்கண்டு தேடும்போது பார்த்தார், எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். ராத்திரி சோறு போடும்போது, கோபமா இருக்கியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்றார். இப்போதெல்லாம் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். முன்பைவிட இது பரவாயில்லை.

செப்டம்பர் 3, புதன்

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி இரண்டு வேளையும் ஊசி. அவருக்குக் கண் மங்கல், கையும் நடுங்குகிறது. அஜித்துக்கு ஷிப்ட். யார் போடுவது என்று நர்ஸம்மா கேட்டார். அஜித் தரையைப் பார்த்தான். நான் போடுகிறேன் என்றேன். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நர்ஸம்மா ஒரு எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகச் சொன்னார். வீட்டில் இருந்த பழமெல்லாம் தண்ணீர் ஊசி போட்டுக்கொண்டு கிடக்கிறது.

செப்டம்பர் 6, சனி

கடைக்குப் போகும் முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. அக்கா பேசுவதில்லை. நான் கதவைத் தட்டுகிறேன், திறக்கிறார், உட்காருகிறார், வயிற்றுச் சேலையை விலக்கிக் காட்டுகிறார். மடிப்பைப் பிடித்துக் குத்துகிறேன். வலித்ததா என்று கேட்டால் சேலையை இழுத்து மூடிக்கொள்கிறார். நான் வந்துவிடுகிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அக்காவுக்குப் புண் காய்கிறது. நேற்று என் கை தவறி இரத்தம் வந்துவிட்டது. நான் அழுதேன். அவர் பஞ்சை எடுத்து நீட்டினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தனசேகரன் பிரதர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாருடனும் பேசாமல் போய்விட்டார்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் மழை. அக்கா வீட்டுக்கு நனைந்துகொண்டே போனேன். அடுப்பு மூட்டியிருந்தார், நாளையிலிருந்து கடை போடப் போகிறார் போல, மாவு பொங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல உட்கார்ந்தார். சேலையை விலக்கினார். நான் கையைத் துடைத்து, மருந்தை ஏற்றி, மடிப்பைப் பிடித்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பயந்துவிட்டேன், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று.

"ஜெபம் பண்ணிட்டுக் குத்துமா."

ஜெபம் பண்ணினேன். குத்தினேன்.